மாடி வீட்டு வைஃபை

வேலைக்கான நேர்காணலுக்குப் பதினான்கு நிமிடம் இருந்தது. இரண்டு வருடத்தில் அவளுக்கு வந்த ஒரே அழைப்பு அது. கணினியில் இணையம் வரவில்லை. வீட்டுக்குள் போன் சிக்னலோ பேசுவதற்கே திணறும்.

"நெட்வொர்க் ரீசெட் குடுங்க அண்ணி, சரியாயிடும்" என்றான் போனில் கொழுந்தன்.

கொடுத்தாள். கணினி அணைந்து, ஏழு நிமிடத்தைத் தின்றுவிட்டு எழுந்தது. எழுந்ததும் வைஃபையின் பாஸ்வேர்டைக் கேட்டது.

அது மாடியில் இருக்கும் ஓரகத்தியின் வைஃபை. பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். தண்ணீர்த் தொட்டிச் சண்டைக்குப் பிறகு இருவரும் பேசி இரண்டு மாதமாகிறது. கணினி மட்டும் பழைய உறவிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

படியேறிக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, வைஃபை பாஸ்வேர்டு வேணும். இன்டர்வியூ இருக்கு."

"என்கிட்ட பேச வாய் வரல. என் வைஃபையில மட்டும் குடித்தனம் நடந்துச்சாக்கும்?"

"ஆமாக்கா." பொய் சொல்ல நேரமில்லை.

ஓரகத்தி கீழே இறங்கி வந்தாள். விசைப்பலகையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு தானே தட்டினாள். முதல் முறை தப்பு. இரண்டாம் முறை வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் இணைந்தது. ஒரு நிமிடம் மிச்சம்.

"தலைய வாரு, பேயறைஞ்ச மாதிரி இருக்க" என்றவள், கேமராவில் படாத பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நடுவுல மறுபடி கேட்டா யாரு போடுறது?"