நிதி மந்திரிக்குத் தெரியாத வரவு

...அப்படியென்றால் மழைக்காலத்திலிருந்தே, இத்தனை மாதமாகவா, என்று அதுவே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, கடையில் அவள் கூடை மட்டும் பில் போடும் வரிசையோடு நகர்ந்தது, முன்னால் நின்ற கணக்கர் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு போயே விட்டார், கணவன் வேலை பார்க்கும் பெயிண்ட் கம்பெனியில் எல்லாருக்கும் சம்பளம் போடுகிறவர், பாவம், நல்லெண்ணத்தில்தான் கேட்டார், "மழைக்காலத்துலயே சார் ஸ்டோர் இன்சார்ஜ் ஆயிட்டாரே, நல்ல இன்க்ரிமென்ட்டும் வந்துருச்சு, நீங்க இன்னும் கர்ட்டன் தைக்கப் போறீங்களாம்மா?" என்று. இன்சார்ஜா? அவள் சிரித்தாள், எல்லாம் தெரிந்தவள் மாதிரி, "சும்மா இருந்தா பொழுது போகாதுங்க" என்றுகூடச் சொல்லிவிட்டாள், எங்கிருந்து வந்தது அந்தப் பொய், கட்டினவர் மானத்தைக் காப்பாற்ற நாக்குக்கு யார் சொல்லிக் கொடுத்தது...

மாதம் பிறந்தால் சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், அவள் கொண்டுவந்த வழக்கம்தான், அவர் அதற்கு பட்ஜெட் கூட்டம் என்று பெயர் வைத்தார், அவளுக்கு நிதி மந்திரி என்று. போன கூட்டத்தில் மகள் நீச்சல் வகுப்பை விட்டாள், நிதி மந்திரி தன் பல் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டாள், அவரோ வெளியே குடிக்கும் டீயை விட்டதாகச் சொல்லி ராஜ்யத்தையே துறந்தவர் போல நெஞ்சில் கை வைத்தார், மூவரும் எப்படிச் சிரித்தோம்... அன்று ராத்திரி பல்வலியில் புரண்டபோது எழுந்துபோய் உப்புப் போட்டு வெந்நீர் கொண்டுவந்ததும் அவர்தான், "கொப்புளிங்க மந்திரியம்மா, அடுத்த மாசம் எப்படியாவது டாக்டர்கிட்ட போயிடலாம்" என்றார், பையில் பணத்தை வைத்துக்கொண்டா அப்படிச் சொன்னார், அந்த வெந்நீர்தான் இப்போது தாங்க முடியவில்லை, அதற்குப் பேசாமல் தூங்கியிருக்கலாம். பணம் எங்கே போகிறது? அவர் தங்கைக்கா? அவள் வீட்டுக்காரனுக்கு வேலை போனதிலிருந்து அவர் முகமே சரியில்லை. இல்லை வேறு யாராவது... சீ, புத்தி எங்கெல்லாம் போகிறது. தங்கைக்கென்றால் கேட்டிருக்கலாமே, நான் என்ன கல்லா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்... கேட்டால் என்ன தப்பு, ஒன்றரை சோப்பில் மாதத்தை ஓட்டுகிறவள் கேட்காமல் யார் கேட்பது. கூடையிலிருந்து பாதாம் பொட்டலத்தை எடுத்துப் பக்கத்து அலமாரியில் வைத்தாள், கை பழக்கத்தில் வைத்துவிட்டது, வைத்த பிறகுதான் ஆத்திரம் வந்தது, திரும்ப எடுத்தாள். ஒன்று மட்டும் நிச்சயம், மகளுக்குத் தெரியக்கூடாது, அப்பா என்றால் உயிரை விடுகிற பெண், ஆசையாகப் போன நீச்சலை அந்த மனிதரின் பேச்சை நம்பிக் கைவிட்டவள், தெரிந்தால் உடைந்துபோவாள், இது எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்துவிட்டுப் போகட்டும்.

போன் அடித்தது. மகள்தான். எப்ப வருவே, பசிக்குது என்றாள். வந்துக்கிட்டே இருக்கேன் என்றுதான் சொல்ல நினைத்தாள், வாய் வேறு எதையோ சொன்னது.

"அப்பாவுக்குச் சம்பளம் கூடியிருக்காமே."

என்ன சம்பளம் என்று கேட்கப்போகிறாள், கேளடி, கேட்டுவிடு...

"அப்பா சொல்லிட்டாரா?" என்றாள் மகள், பெரிதாக ஒரு மூச்சு விட்டாள், "அப்பாடா. இனிமே நான் மறைக்க வேணாம்ல?"

பில் போடும் பெண் கூடைக்காகக் கை நீட்டினாள், பின்னால் யாரோ "கொஞ்சம் நகருங்கம்மா" என்றார்கள், அவள் நகரவில்லை. குரலில் பயமே இல்லையே, பாரம் இறங்கியவள் போலல்லவா பேசுகிறாள், அப்படியென்றால் அந்த மேசையில் இவள் சிரித்ததும் சேர்ந்துதானா, நீச்சலை விட்டது எதற்கு, எனக்கு எதிராக அவரோடு நிற்பதற்கா... ஏன்டி மறைச்சீங்க என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. உனக்குப் பயந்துதான் என்று சொல்லிவிட்டால்? "வர்றேன்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.