இரண்டு விரல் தள்ளி

முழங்கால் பட்டை விற்கும் கம்பெனியின் வக்கீல் ஹரிநாராயணன் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் பேச்சியம்மாள் இனி முட்டிப் பட்டையே தைக்கக் கூடாது. போடாவிட்டால் எறணாகுளம் கோர்ட்டில் கேஸ். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் சுமக்கிறவர்களுக்கு எலாஸ்டிக்கில் பட்டை தைத்துத்தான் பதினான்கு வருஷமாக அவள் வீட்டில் உலை கொதிக்கிறது.

"டிசைனுக்குப் பேட்டன்ட் எங்களுக்குண்டு சேச்சி. ரெண்டாயிரத்து இருபத்திரண்டுல அப்ளை பண்ணினது."

"படத்தைக் காட்டுங்க சாரே."

பட்டையின் கோட்டுப் படம். முட்டிச்சில்லு வெளியே தெரிய விட்ட ஓட்டை நடுவில் இல்லை. இரண்டு விரல் வெளிப்பக்கம் தள்ளியிருந்தது.

"இந்த ஓட்டைதான் எங்க கண்டுபிடிப்பு. முட்டியோட பாரத்தைப் பிரிச்சுவிடும்."

அதுவரை இருந்த பயம் போய் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. பதினெட்டில் வெள்ளம் வந்த வருஷம், பஜாரில் சுமை தூக்கும் ஷௌகத் அலியின் காலில் மூட்டை சரிந்தது. எலும்பு கூடியது, சில்லு மட்டும் இரண்டு விரல் தள்ளி நின்றுவிட்டது. அவருக்கென்றே ஓட்டையைத் தள்ளி வெட்டினாள். மற்ற எல்லோருக்கும் நடுவில்தான். இருபத்தொன்றில் கண்ணாடி போட்ட ஒருவன் வந்து, கதவில் தொங்கிய அவருடைய பட்டைதான் வேண்டுமென்றான். ஒருத்தருக்கு அளவெடுத்துத் தைத்தது, வேறு யாருக்கும் சேராது என்று அவள் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் வாங்கிப் போனான்.

அவள் எழுந்து தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஷௌகத் இக்கா! இங்க வாங்க."

மூட்டையை இறக்கிவிட்டு வந்தார். "எந்தா பேச்சி, போலீஸா?"

"வக்கீலு. கைலியத் தூக்கி முட்டியக் காட்டுங்க."

"வக்கீலுக்கா? அப்போ ஃபீஸ் நான் வாங்கணும்."

காலை முக்காலியில் வைத்துப் பட்டையைக் கழற்றினார். ஹரிநாராயணன் படத்தைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஊருல எல்லா முட்டியும் கோணலா சாரே?" என்றாள் பேச்சியம்மாள். "நல்ல காலுக்காரன் இதப் போட்டா பத்தடி நடக்க மாட்டான். நான் கோர்ட்டுக்கு வாரேன். இவரையும் கூட்டிட்டு வாரேன்."

"கேஸ் வருஷக்கணக்கா போகும் சேச்சி."

"போகட்டும். அதுவரைக்கும் தைப்பேன்."

கையெழுத்தில்லாத காகிதத்தை வக்கீல் பக்கம் தள்ளினாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து நீட்டினாள். "நீங்களே அளந்து பாருங்க."

வாங்கிக்கொண்டார். முக்காலி தாழ்வானது, அளக்க வேண்டுமென்றால் தரையில் குந்த வேண்டும். தேய்த்து மடிப்புக் கலையாத பேன்ட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வாசலில் இரண்டு பேர் தலைச்சுமையோடு நின்றுவிட்டார்கள். ஷௌகத் அலி காலை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.