பக்கத்துக்குக் கூலி

திருச்செங்கோட்டில் கடைகளுக்குக் கணக்கெழுதிக் கொடுத்து வந்த பாலசுந்தரத்துக்கு வேலை பெருகியது. சம்பள ஆள் வைத்தால் வேலையில்லாத மாதமும் படியளக்க வேண்டுமே என்று, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, கந்தவேல் என்பவனை அவன் வீட்டிலேயே எழுதி வரச் சொன்னார்.

வந்த பேரேட்டில் எழுத்தெல்லாம் பூசணிக்காய். பக்கத்துக்கு நாலே வரி.

"ஏஞ்சாமி, எழுத்துக்குத் தீனி போட்டு வளக்கறயா? மஞ்சள் மண்டிக்காரரு வேற ஆளப் பாக்கறேங்கறாரு!"

"ஊட்டுல அஞ்சு வாயிருக்குதுங்க. நானென்ன பண்ணட்டும்?" கந்தவேல் தலைகுனிந்தான்.

பாலசுந்தரத்தின் கோபம் போன இடம் தெரியவில்லை. மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

"நாளையிலிருந்து மாசச் சம்பளம், வேலை இருந்தாலும் இல்லாட்டியும். மத்தியானச் சோறு எங்க ஊட்டுல."

மறுநாள் எழுத்து கடுகாகச் சுருங்கியிருந்தது. பாலசுந்தரம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"நம்ம காயிதமுங்களே, வீணாக்கலாமுங்களா?" என்றான் கந்தவேல்.