வாயு மூலையில் அடுப்படி

வீடு கட்டுவதற்கு முன்பே கார் வாங்கிய ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். அவர் பேரை நான் சொல்லக் கூடாது. மேஸ்திரி அங்கமுத்து சொல்லுவார், அப்போது தெரிந்துகொள்ளுங்கள். என் பேர் ராமாத்தாள். ராசிபுரத்தில் நெசவாளர் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

அந்த இருபத்திரண்டு வருஷமும் நான் தண்ணீர் சுமந்தேன். எங்கள் வீட்டில் ஐந்து தறி இருந்தது, கிணறு இல்லை. தெருக்கோடியில் கோயில் கிணறு. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். குடிக்க, சமைக்க, குளிக்க, தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்ச, எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான். சேலைக் கட்டுகளை நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் கொண்டுபோய் விற்று இவர் கொஞ்சம் தலையெடுத்தபோது, "உனக்குக் கெணத்தோட ஒரு ஊடு கட்டித் தாரேன் புள்ள" என்றார். சொன்னபடி ஊருக்கு வெளியே ரோட்டோரம் ஒரு மனையும் வாங்கினார். மனையில் கிணறு இருந்தது, தண்ணீர் கல்கண்டாக இருந்தது. அதுவரைக்கும் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

பிறகு கார் வந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர் யாரோ விற்றுத் தொலைத்த பழைய வண்டி. துணிக்கட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குச் சந்தை போகலாம் என்று இவருக்கு ஆசை. நிறுத்த இடமில்லாமல் கோயில் மைதானத்தில் நிறுத்தினார். பத்து மைல் ஓடினால் அது கொதித்துப் புகைவிடும். அதனால் காலையில் அதன் வாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், கழுவ நாலு குடம் வேண்டும். யார் சுமந்தது என்று நினைக்கிறீர்கள்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன். வைகாசியில் மனை முகூர்த்தம் என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் அங்கமுத்து மேஸ்திரி முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி, வீடு எங்கே நிற்கும் என்று தரையில் கோடு போட்டுக் காட்டினார். ரோடு மேற்கே. வீட்டுக்கு மேற்குப் பார்த்த வாசல். கிணறு பின்பக்கம், வடகிழக்கில். அடுப்படி தென்கிழக்கில், அதாவது அக்கினி மூலையில். அடுப்படிக்குப் பின்கதவு. அந்தக் கதவு வரப்போகிற இடத்திலிருந்து கிணறு வரைக்கும் நான் நடந்து பார்த்தேன். பதினோரு தப்படி. திரும்பவும் நடந்தேன். பதினோரு தப்படிதான். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் இவர் கேட்டார்: "ஏனப்பா அங்கமுத்து, காரு எங்க நிக்கும்?"

"அதுக்கென்னங்க கொழந்தவேலு மொதலாளி, ரோட்டோரமா வடமேக்கு மூலையில ஒரு ஷெட்டு போட்டாப் போச்சுங்க. ரோட்டுல இருந்து திரும்புனா நேரா உள்ள வந்து நின்னுக்கும்."

மூளை உள்ளவன் சொல்லும் பேச்சு. ஆனால் பக்கத்தில் மச்சாண்டார் நின்றுகொண்டிருந்தார். இவருடைய அண்ணன் சரவணமுத்து. மனையடி சாத்திரப் புத்தகம் ஒன்று அட்டை கிழிந்து அவர் கக்கத்தில் எப்போதும் இருக்கும். ஆயுசில் ஒரு கோழிக்கூடுகூடக் கட்டியவரில்லை. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"அது வாயு மூலை" என்றார். "வாயு மூலையில வெச்சது ஊட்டுல நெலைக்காது. கண்ணாலம் ஆகாத புள்ளைகள அந்த மூலையில எதுக்குப் படுக்க வெக்கறோம்? சீக்கிரம் ஊட்ட உட்டுப் போகோணும்னுதான். காரை அங்க நிறுத்துனா ஆறு மாசத்துல கைமாறிப் போயிரும் பாத்துக்க."

இவர் முகம் சுருங்கிவிட்டது. பெற்ற பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போகப்போவதைப் போலக் காரைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் மச்சாண்டாருக்கு முன்னால் பெண்கள் நேரில் நின்று பேசுகிற வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, மூன்றாவது ஆளிடம் சொல்லுகிற மாதிரி சொல்ல வேண்டும். கதவுக்கு நான் எங்கே போவேன்? வீடே இன்னும் கயிறாகத்தான் இருக்கிறது. மணல் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"மேஸ்திரி, காரு ஓடறதுக்குத்தானே வாங்குனது? ஓடற மூலையிலயே நிக்கட்டும்னு அவுருகிட்டச் சொல்லுங்க."

மேஸ்திரி சொன்னார். மச்சாண்டார் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "பொம்பளைகளுக்குச் சாத்திரம் புரியாது" என்று வானத்திடம் பதில் சொன்னார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் புத்தகம் எழுதிய காலத்தில் மோட்டார் ஏது? மாட்டுக் கொட்டிலுக்கு இடம் இருந்தது, நெற்குதிருக்கு இடம் இருந்தது, உரலுக்குக்கூட இருந்தது. காருக்கு இல்லை. நான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"காருக்குள்ள என்ன ஊத்தறம்? பெட்ரோலு. பெட்ரோலுன்னா நெருப்பு. நெருப்புக்கு அக்கினி மூலை" என்றார் மச்சாண்டார்.

"அங்க அடுப்படி இருக்குதுங்களே" என்றார் மேஸ்திரி.

"அடுப்புக்கு அக்கினி மூலை அமையலீன்னா வாயு மூலையில வெக்கலாம்னு சாத்திரமே எடங்குடுக்குது. ரெண்டாந்தரம்தான், தோசமில்ல."

இவர் தலையாட்டினார். அண்ணன் சொன்னால் இவருக்குத் தலை தானாக ஆடும்.

மறுநாள் குச்சிகளைப் பிடுங்கி மாற்றி அடித்தார்கள். ரோட்டோரம் இருக்க வேண்டிய கார், வீட்டுக்குத் தெற்கே சந்து வழியாக உள்ளே போய், வீட்டின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பின்னால் இருக்க வேண்டிய அடுப்படி ரோட்டோரம் வந்து, போகிற வருகிற வண்டிப் புழுதியை எல்லாம் குழம்புச் சட்டியில் வாங்கிக்கொள்ள வேண்டும். சரி, கார் சந்தில் போகுமா என்று பார்க்க இவர் வண்டியை ஓட்டிவந்தார். நாலு குச்சியை ஏற்றி நசுக்கினார். மேஸ்திரி புதுக் குச்சி சீவினார். வீட்டை மூன்றடி வடக்கே தள்ளினார்கள். அதற்கடுத்த நாள் திரும்பவும் ஓட்டினார். சந்தில் போனது, மூலையில் திரும்பவில்லை. இன்னும் இரண்டடி தள்ளினார்கள். வடக்கே வேலி இருக்கிறதே, வீடு எங்கே போகும்? அடுப்படிதான் ஒடுங்கியது. கடைசியில் ஓர் ஆட்டுரல் போட்டு நான் ஒருத்தி நிற்கலாம் என்கிற அளவுக்கு வந்தது. கயிற்றுக்குள் போய் நின்று பார்த்தேன். முழங்கையை நீட்டினால் கயிற்றுக்கு வெளியே போனது.

வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கிருந்து கிணற்றுக்கு நடந்தேன். வீட்டின் முழு நீளத்தையும் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. நாற்பத்து மூன்று தப்படி.

"ஏனுங்க" என்று இவரைக் கூப்பிட்டேன். "நாப்பத்தி மூணு தப்படிங்க. போக நாப்பத்தி மூணு, கொடத்தோட வர நாப்பத்தி மூணு."

"அதுக்கென்ன இப்ப? கோயில் கெணத்துக்கு இதவிட எச்சாத்தானே நடந்தே?" என்றார்.

எப்படி இருக்கிறது பாருங்கள்! கட்டை விரலில் பட்ட அடியிலேயே திரும்பவும் கல்லைப் போடுவது என்றால் இதுதான்.

"அந்த நடை தீரோணும்னுதானுங்க ஊடே கட்டறோம்."

"ஆளு வெச்சுக்கலாம் உடு."

"எந்த ஆளுங்க? இருவத்திரண்டு வருசமா வாராத ஆளா?"

அவர் காதில் விழவில்லை. காரின் சக்கரத்தில் ஒட்டியிருந்த முளைக்குச்சியைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உச்சந்தலையில் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் சுமந்தவளுக்கு ஒரு மூலை கொடுக்க மனம் வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த வண்டிக்குக் கிணற்றடி கேட்கிறது. மணல் குவியலுக்குப் பின்னால் போகவில்லை. கயிற்றுக்குள், அந்த அடுப்படிக்குள்ளேயே நின்றுகொண்டு பேசினேன். மச்சாண்டார் இரண்டடி தள்ளித்தான் இருந்தார்.

"மேஸ்திரி, வாயு மூலையில வெச்சது ஊட்டுல நெலைக்காதுன்னு சொன்னாங்களே, அது காருக்கு மட்டுந்தானா, எனக்கும் சேத்தியான்னு கேளுங்க."

மேஸ்திரி கேட்கவில்லை. எல்லோருக்கும் கேட்டுவிட்டதே.

"பகல் பூராவும் இந்த மூலையிலதான் நான் நிக்கப்போறேன். அப்பறம் நான் எப்படி நெலைப்பேன்? சாத்திரம் பொய் சொல்லக் கூடாது பாருங்க. நான் மோகனூர் போறேன், எந் தம்பி மாதையன் ஊட்டுக்கு."

இடுப்பிலிருந்த குடத்தை அந்தக் கயிற்றுக்குள்ளேயே இறக்கி வைத்தேன். "இது இங்கியே இருக்கட்டும். இந்த அடுப்படியில சோறாக்கறவங்க யாரோ, அவங்களுக்கு ஆகும்."

இவர் சிரித்தார். சாயங்காலம் வந்துவிடுவேன் என்று நினைத்தார். நான் வீட்டுக்குப் போய் இரண்டு சேலையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மோகனூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தம்பி பெண்சாதி பொன்னாயி என்னைக் குடத்தையே தொட விடவில்லை. ஆனால் ராத்திரி படுத்தால், முகூர்த்த நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து மணையில் உட்காராமல் மனை முகூர்த்தம் நடக்காது. வைகாசியில் இந்த நாள் தப்பினால் ஆனியும் ஆடியும் ஆகாது, ஆவணிக்குத்தான். அதற்குள் எல்லாம் கலைந்துவிட்டால்? கிணறும் போய், மனையும் போய், திரும்பவும் கோயில் கிணறுதான் என்றால்? ரோஷப்பட்டு வந்தவள் பயந்துகொண்டு கிடந்தேன். இதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் தெருவில் காரின் இருமல் கேட்டது. இவர் இறங்கி வந்தார். வலது தோளைத் தூக்க முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தார். பொன்னாயி கொடுத்த மோரை இடது கையால் வாங்கினார்.

"தோளுக்கு என்னங்க?" என்றேன்.

மோரைக் குடித்து முடித்தார்.

"அடுப்படி மூலையில தரை பாறையாட்டம் கெடந்துது. நனைச்சு வெச்சா அஸ்திவாரம் தோண்ட லேசா இருக்கும்னு அங்கமுத்து சொன்னான். தண்ணி எடுக்கற பொம்பளைக வரல. கொடந்தான் இருக்குதேன்னு நானே எடுத்தேன்." மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "நாப்பத்தி மூணுதான். நானும் எண்ணிப் பாத்தேன்."

"எத்தனை நடைங்க?"

"ஒம்போது."

நான் ஒரு நாளைக்கு இருபது நடை. அதைச் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அந்தத் தோளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பாவமாக இருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

"குச்சியெல்லாம் புடுங்கியாச்சு" என்றார். "அடுப்படி பழைய எடத்துலயே இருக்குது. பதினொண்ணு."

"காரு?"

"வாயு மூலையில."

"உங்க அண்ணன் என்ன சொன்னாங்க?"

"பொஸ்தகத்தத் தூக்கிட்டுப் போயிட்டாரு. முகூர்த்தத்துக்கு வருவாரு. பந்தி இருக்குதல்ல."

"காரு நெலைக்காதுங்களே. கைமாறிப் போயிருமே."

"போனாப் போகுது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வேப்பெண்ணெய் குடித்தவர் போல இருந்தார். இருந்தாலும் சொன்னார்.

மத்தியானம் புறப்பட்டோம். நாமக்கல்லை நெருங்குவதற்குள் கார் கொதித்துவிட்டது. முன்பக்கம் புகை. வெட்டவெளி, வைகாசி வெயில், ரோட்டுக்கு இரு பக்கமும் காய்ந்த சோளக்கொல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் பின் சீட்டிலிருந்து எதையோ இழுத்தார். பார்த்தால் என் பித்தளைக் குடம். அதையும் கையோடு எடுத்துவந்திருக்கிறார்.

பழக்கதோஷம், குடத்தை என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. கோபமாகவும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, காரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அவர் குடத்தை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு கொல்லைக்குள் இறங்கினார். கிணற்றை நோக்கிப் போகப் போக நான் அவருடைய தப்படியை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபதுக்கு மேல் எண்ணவில்லை. திரும்பிவரும்போது அவரே எண்ணிக்கொண்டு வந்தார், உதடு அசைவது தெரிந்தது.