ஈறில் கசிந்த துரு

"கவிழ்ந்தா என்ன பண்ணுவீங்க?"

"கவிழாது. சாஞ்சா தானா நிமிர்ந்துக்கும். அடியில எடை இருக்கு."

"எடை இருக்கு, சரி. அது ஒழுங்கா ஒட்டிக்கிட்டு இருக்கான்னு யாரு பார்த்தது?"

கல்யாணமான புதிதில் பாய்மரப் படகைப் பற்றி நடந்த பேச்சு இது. கேட்டவள் மனைவி; பேருந்து ஓட்டுநரான அவன் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. பதினாறு வருஷமாக நண்பர்களின் பாய்மரப் படகில் அவன் போவதும், பல் டாக்டரான மனைவி கரையில் நிற்பதுமாக இருந்தது. கூட வா என்று கேட்க ஆசைதான். கேட்டால் பயத்தை விழுங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அப்படி வரவழைக்க மனசில்லை. நாமே சோதித்து வாங்கிய படகு ஒன்று வரட்டும், அன்றைக்குக் கேட்கலாம் என்று வைத்திருந்தான்.

பட்டறையில் ஒரு படகு விலைக்கு நின்றது. இருபத்தெட்டு வருஷப் பழசு. அதன் வயிற்றுக்கடியில் கீல் என்கிற கனத்த இரும்புப் பலகை. சாய்ந்த படகை நிமிர்த்துவது அந்தக் கனம்தான். அதைப் படகோடு பிடித்திருப்பது ஆறு போல்ட்டுகள். அவன் படகுக்குள் இறங்கி ஆறு நட்டுகளையும் பார்த்தான். எல்லாம் பளபளவென்று இருந்தன. பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே தலையை நீட்டினால், மனைவி கீழே குனிந்து, கீல் படகோடு சேரும் இடத்தில் புதுப் பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஈறுல கசியுதே," என்றாள்.

படகை விற்றுக்கொடுக்க வந்த தரகர் சிரித்தார். "டாக்டரம்மா, படகுக்கு ஏதும்மா ஈறு?"

"பழுப்பா கோடு தெரியுது பாருங்க. மேல மினுக்கினா போதுமா? வேர் எந்த லட்சணத்துல இருக்கோ. ஒண்ணைப் பிடுங்குங்க."

"அப்போ எனக்கு மரத்துப்போற ஊசி போட்டுடுங்க!"

"போட்டுடலாம். முதல்ல வாயை மூடிக்கிட்டுப் பிடுங்குங்க."

போல்ட் வெளியே வந்தது. மேலே கட்டைவிரல் தடிமன். நடுவில் துரு தின்று பென்சிலைவிட ஒல்லி. தரகரின் சிரிப்பு கப்பென்று நின்றது. அவன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். இதில்தானே இவளை ஏற்ற இருந்தேன்!

"வேணாம், போயிடலாம்," என்றான்.

"ஒரு பல்லு சொத்தைன்னா ஆளையே வேணாம்பீங்களா?" என்றவள் தரகர் பக்கம் திரும்பினாள். "கீலை இறக்கி ஆறையும் மாத்துங்க. நாங்க பக்கத்துல நின்னு பார்ப்போம். அப்புறம்தான் வாங்குவோம்."

இரண்டு சனிக்கிழமை நின்றார்கள். புது போல்ட்டுகள் ஏறி இறுகியதும், ஒவ்வொன்றையும் சுத்தியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். "ம், இனி ஆடாது," என்று நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் கிரீஸ்.

அவன் அதைத் துடைத்துவிட்டான். தண்ணீர் என்றாலே நடுங்குகிறவள், அவன் ஆசைக்காக இத்தனை நேரம் படகின் அடியில் குனிந்து கிடந்திருக்கிறாள். தேங்க்ஸ் என்று சொல்லிப் பார்த்தான். போதவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்மா. ரொம்ப வருஷமா உள்ளேயே வச்சிருக்கேன்."

"பீடிகை எல்லாம் எதுக்கு? கேளுங்க."

"பயமா இருந்தா வேணாம்னு சொல்லிடு, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா எனக்கு ஆசை. நீயும் என்கூட வா."