நித்திரை என்று ஒரு சேதி

1

இந்தக் கதை என் சொந்த அசட்டுத்தனத்தில் பிறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சிலோனிலிருந்து வந்தவர். ஒருநாள் அவருடைய மகள் என் வாசலில் வந்து, "அப்பா நித்திரை" என்றாள். இறந்துவிட்டார் என்று நினைத்து நான் அழுதுகொண்டே ஓடினேன். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் உள்ளே ஒரு பயம் மிச்சமிருந்தது. அதைக் கொண்டுபோய் 1968-ம் வருடத்துக் கொடைக்கானலில் வைத்தேன்.

2

மலையை மூடுபனி மெல்லத் தழுவிய ஒரு காலை—

(வேண்டாம். என் காதல் தொடர்கதைகளை இப்படித்தான் ஆரம்பிப்பேன். இங்கே பஸ் அரை மணியில் திரும்பிவிடும்.)

வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கண்டக்டர் மயில்சாமி, பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த லீலா டீச்சரின் கதவைத் தட்டினான். அவள் கணவர் அருமைநாயகத்துக்கு அடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நேற்று வயிற்றில் ஆபரேஷன்.

"டீச்சரம்மா, வார்டு ஆயா சொல்லி விட்டாங்க. அய்யா நித்திரையாம். உங்கள வெரசா வரச் சொன்னாங்க."

லீலாவின் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது.

அவள் சபையில் யாரும் இறப்பதில்லை. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றுதான் போதகர் வாசிப்பார். கல்லறையிலும் அதையே வெட்டுவார்கள்.

"எப்படிச் சொன்னாங்க? அழுதாங்களா?"

"மழைக்கு முந்தானைய இழுத்துத் தலையில போட்டிருந்தாங்க. மொகம் தெரியலீங்க." மயில்சாமி விழித்தான். "நித்திரைன்னா தூக்கந்தானேம்மா?"

"எங்கள்ல அப்படி இல்ல மயில்சாமி."

புரிந்ததும் அவன் தொப்பியைக் கழற்றினான். "நான் வேற விசிலடிச்சுக்கிட்டே படியேறி வந்தேன்."

3

(லீலாவுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஆயாவின் பெயர் கந்தம்மாள். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு நித்திரை என்றால் தூக்கம். உடனே நிம்மதியடைய வேண்டாம். அந்த ஆஸ்பத்திரியில் அவள் ஒரு வருடமாக வேலை செய்கிறாள். அங்கே மரணத்தை எப்படிச் சொல்வார்கள் என்பதும் அவளுக்குப் பழகிவிட்டது. இன்று காலை எந்த நித்திரையைச் சொன்னாள் என்பது எனக்கே தெரியாது.)

4

முதல் பிரதியில் லீலா அழுதாள். அந்த வரியை அடித்துவிட்டேன். நிஜத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

புத்தாண்டு ஆராதனையில் சபையார் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அந்த வருடத்துக்குக் கர்த்தர் தரும் வசனம் அதில் இருக்கும். லீலாவுக்கு வந்தது, வழிகாட்டுவேன் என்ற வாக்கு. "தை பொறக்கட்டும் லீலா, பாத்துக்கலாம்" என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட மனுஷனை, "கர்த்தரே வழி காட்டும்போது நீங்க என்ன நாள் பாக்குறீங்க?" என்று சம்மதிக்க வைத்தவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்று கூடப் போகாமலும் இருந்துவிட்டாள்.

"இதுதான் நீர் காட்டின வழியா?" அலமாரியைத் திறந்துகொண்டே கேட்டாள்.

உள்ளே அவருடைய கல்யாணக் கோட்டு தொங்கியது. அடக்கத்துக்கு அதைத்தான் போடுவார்கள். அதன்கீழ் பச்சை ஸ்வெட்டர். குணமாகி மலையேறி வரும்போது அவருக்குக் குளிரும்.

கோட்டை எடுத்தால் அவளே அவரைப் புதைத்த மாதிரி. எடுக்காமல் போய், அங்கே அது தேவைப்பட்டால்—

ஹாரன் அடித்தது. இரண்டையும் பைக்குள் திணித்தாள்.

5

பஸ் வளைவு வளைவாக இறங்கியது. பெருமாள்மலை தாண்டியதும் மயில்சாமி அவள் அருகே வந்து நின்றான். டிக்கெட் கிழிக்கவில்லை.

"தூக்கமாத்தாம்மா இருக்கும்."

அவள் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு நித்திரையிலயும் எழுந்திரிப்பாரு, மயில்சாமி. எப்பங்கிறதுதான் தெரியல."

(அவள் அதை நம்பித்தான் சொன்னாளா? இந்த வரியை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கு முறையும் குரல் நடுங்கியது. நான்கு முறையும் சொல்லி முடித்தாள். அதற்குமேல் நான் அவளைக் கேட்கவில்லை.)

6

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் அருமைநாயகம் வார்டே அதிரக் குறட்டை விட்டார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மற்றதில் லீலா, அசையாத அந்த மார்பின்மேல் கோட்டுக்குப் பொத்தான் போட்டாள். கடைசிப் பொத்தானில் குனிந்து, "காலையில பாப்போம்" என்றாள். அதையும் கிழிக்க மனம் வரவில்லை.

ஆகவே ஆஸ்பத்திரி வாசலோடு நிறுத்திக்கொள்கிறேன். மழை விட்டிருந்தது. கந்தம்மாள் தலையிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டு வெளியே வந்தாள். அவள் முகம் லீலாவுக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை, நான் லீலாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"வந்திட்டீங்களாம்மா. அய்யாவுக்கு உடுப்பு கொண்டாந்தீங்களா?"

லீலா தலையசைத்துப் பையைத் திறந்தாள். உள்ளே கோட்டும் ஸ்வெட்டரும் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு கிடக்கின்றன. அவள் இழுக்க, இரண்டும் சேர்ந்தே வருகின்றன. கொஞ்சம் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.