முகீபி களத்தை விட்டு வெளியேறிய நாள்

உகாண்டா அணியின் கேப்டன் முகீபிக்கு வேகப்பந்து பயமில்லை. இரண்டு தடவை மூக்கு உடைந்தும் பஞ்சை அடைத்துக்கொண்டு மட்டையை எடுத்தவன். அவனுடைய பயம் ஒன்றே ஒன்றுதான். இடி.

ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் மின்னல் இறங்கியது. கடைசி பெஞ்சிலிருந்த அவன் எழுந்து வெளியே வந்தான். முன்னால் இருந்த ஆறு பேர் எழுந்திருக்கவில்லை. அணியில் யாரிடமும் அவன் இதைச் சொன்னதில்லை. வானம் கறுத்தால் தொடை பிடித்துக்கொண்டது என்று நொண்டியபடி உள்ளே போய்விடுவான். கேப்டனான பிறகு அந்தச் சாக்கு செல்லவில்லை.

அன்று ஏரிக்கரையிலிருக்கும் என்டெபே மைதானத்தில் நமீபியாவுடன் ஆட்டம். ஜெயித்தால் உலகக் கோப்பைக்குப் போகலாம். மூன்று ஓவர் மிச்சம், நமீபியாவுக்கு இன்னும் இருபத்தாறு ரன் வேண்டும். ஏரிப்பக்கமிருந்து மேகம் திரண்டு வந்தது. மழையில் ஆட்டம் அத்தோடு நின்றால் கணக்குப்படி நமீபியா ஜெயிக்கும். அதற்குள் ஒரு விக்கெட் விழுந்தால் உகாண்டா.

முதல் உறுமல் கேட்டது. ஆட்டக்காரர்களில் யாரை எங்கே நிறுத்தினோம் என்பதே முகீபிக்கு மறந்துபோயிற்று. ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று நடுவரிடம் கேட்டான். இடி தூரத்தில்தான், இன்னொரு ஓவர் பார்க்கலாம் என்றார் அவர்.

விக்கெட் கீப்பர் அசீகு ஓடி வந்தான். பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து கூட ஆடுகிறவன்.

"என்னடா ஆச்சு உனக்கு? இப்ப நிறுத்துனா தோத்துருவோம். ஒரு விக்கெட்டு, அவ்வளவுதான்."

"என் கையைப் பாரு. மின்னல் இறங்கப்போனா மயிரு இப்படித்தான் நிக்கும்."

முன்கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. அசீகு கையுறையைக் கழற்றித் தன் கையைக் காட்டினான்.

"எனக்கு ஒண்ணும் நிக்கலியே."

அப்போது ஏரிமேல் வானம் வெள்ளையாகப் பிளந்தது. எல்லாரும் உள்ளே வாங்க என்று முகீபி கத்தினான். அனுமதியில்லாமல் போனால் ஆட்டம் எதிரணிக்குத்தான் என்று நடுவர் எச்சரித்தார். அவனுக்கும் அது தெரியும். பந்துவீச்சாளன் ஒகெல்லோ அடியில் இரும்பாணி வைத்த ஷூவோடு நகராமல் நின்றான். முகீபி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். கடைசி இருபது கஜம் ஓடினான்.

மழை இருபது நிமிஷம் பெய்தது. மைதானத்தில் ஒரு மின்னலும் விழவில்லை. பிறகு வெயிலும் அடித்தது. வெற்றி நமீபியாவுக்கு என்று அறிவித்தார்கள்.

வீரர்களின் உயிரைக் காப்பாற்றத்தான் அழைத்துவந்தேன் என்று நிருபர்களிடம் சொல்லும்படி மேலாளர் லுட்டாயா கெஞ்சினார். அப்படிச் சொன்னால் பதவி தப்பும் என்றார். முகீபி மைக்கின் முன்னால் உட்கார்ந்தான். 

"யாரையும் காப்பாத்தணும்னு நினைக்கல," என்றான். "பயந்துட்டேன்."

பிறகு அந்த ஆறு பேரின் பெயர்களையும் வரிசையாகச் சொன்னான்.

நான்காம் நாள் பதவி போனது. டாக்சி நிறுத்தத்தில் அவனைக் கண்டால் வண்டித் தகரத்தை இடிபோலத் தட்டிச் சிரித்தார்கள். புதுக் கேப்டன் அசீகு. மூன்று மாதம் அவன் முகீபிக்கு முகங்கொடுத்துப் பேசவில்லை. ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தான்.

"ஏன்டா என்கிட்டகூட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னைக் கேப்டனாக்க விட்டிருப்பியா?"



"மாட்டேன்," என்றான் அசீகு. அடுத்த தொடருக்கு வருவாயா என்று கேட்டுவிட்டுப் போனான்.

முகீபி போனான். இன்னும் இரண்டு வருஷம் ஆடினான். கேப்டன் பதவியை யாரும் திருப்பித் தரவில்லை; அவனும் கேட்கவில்லை.